நாணயத்தை நகர்த்துவது யார்?

ஒரு வெள்ளைத் தாள். அதில் ஆங்கில எழுத்துகள் 26-ம் வட்டமாக எழுதப்பட்டிருக்கும். அவற்றுக்குக் கீழே எண்கள். ஒருபுறம் ‘ஆம்’, மறுபுறம் ‘இல்லை’. நடுவில் ஒரு ரூபாய் நாணயம், அல்லது கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றி, மூன்று நான்கு பேர் ஆளுக்கொரு விரலை நாணயத்தின்மேல் வைத்துக்கொண்டு, இறந்துபோன ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சிறிது நேரம் ஒன்றும் நிகழ்வதில்லை. பிறகு நாணயம் நகரத் தொடங்குகிறது. எழுத்து எழுத்தாகச் சென்று சொற்களைக் கூட்டுகிறது.

நகர்கிறது என்பதை நாம் மறுக்கப் போவதில்லை. ‘எல்லாம் ஏமாற்று’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பெரியவர்களை இளைஞர்கள் நம்பாமற்போவதற்குக் காரணமே, நாணயம் நகர்வதை அவர்கள் தம் கண்ணால் கண்டிருப்பதுதான். ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். நகர்த்துவது யார்? அதைக் காட்டிலும் முக்கியமாக, அந்த நாணயம் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பாளி யார்?

கல்லூரி விடுதிகளில் வழங்கிவந்த இவ்விளையாட்டு தொழிற்பேட்டைகளின் வாடகை அறைகளுக்கும் வந்து சேர்வதில் வியப்பில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சிப்காட் வளாகத்தின் இரும்பு, எஃகு ஆலைகளையும் பிற தொழிற்சாலைகளையும் நம்பித் தென்மாவட்டத்து இளைஞர்கள் வருகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். ஓர் அறையில் ஐந்தாறு பேர். பகல் ஷிப்ட் முடித்தவன் படுக்கும் பாயில் இரவு ஷிப்ட் முடித்தவன் காலையில் படுக்கிறான். உம்மாவின் குரல் கைப்பேசியில் மட்டும். உறக்கம் கெட்ட உடம்பு, ஊரை விட்டு வந்த மனம், மின்சாரம் நின்ற இரவு. இம்மூன்றும் கூடிய இடத்தில் ஒரு நாணயம் நகர்ந்தால் அது சிறிய நிகழ்ச்சியாக இராது.

இதே ஊர் மாடிகளிலிருந்து பார்த்தால், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் எழும்புவது தெரியும். 2023 ஜூலை 14-ஆம் நாள் சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்துதான். ‘விஞ்ஞான யுகத்தில் இப்படியா!’ என்று வியக்கும் கட்டுரைகள் இத்தகைய இடத்தில்தான் தொடங்குவது வழக்கம். நமக்கு அந்த வியப்பு இல்லை. ஆவிகளைத் தேடியவர்களுள் முதல்தர விஞ்ஞானிகளும் இருந்திருக்கிறார்கள். இது அறிவுக் குறைவால் வருவதன்று. வேறொரு பசியால் வருவது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இந்த விளையாட்டு ஏதோ ஆதிகால இரகசியம் என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அதன் வயது தெரிந்தால் பாதி மயக்கம் தெளியும். 1848-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஃபாக்ஸ் என்னும் குடும்பத்துச் சிறுமியர் இருவர் சுவரில் தட்டும் ஓசையால் இறந்தவர் பேசுவதாகக் கூறியதிலிருந்து ஆவிபேசும் வழக்கம் நாடெங்கும் பரவியது. அவர்களுள் ஒருவரான மார்கரெட், 40 ஆண்டுகள் கழித்து 1888-இல் மேடையேறி, அந்த ஓசை தம் கால்விரல் மூட்டைச் சொடுக்கியதால் உண்டானது என்று செய்தே காட்டினார். மறு ஆண்டே அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது வேறு கதை. நம்பியவர்கள் எப்படியும் நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பால்டிமோர் நகரத்தில் சிலர் இதையே பலகையாகச் செய்து ‘ஓஜா’ என்று நம்மவர் சொல்லும் பெயரோடு 1891 பிப்ரவரி 10-ஆம் நாள் காப்புரிமை பெற்று விற்கத் தொடங்கினர். 1966-இல் அது ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பரமபதமும் தாயமும் விற்கும் கடையில் விற்கும் சரக்கு அது.

அப்பலகையைப் பெருவாரியாக விற்றுப் பொருளீட்டிய வில்லியம் ஃபுல்ட் என்பாரின் முடிவு இங்கே நினைக்கத் தக்கது. புதிய தொழிற்சாலை கட்டும்படி பலகையே தமக்குச் சொல்லிற்று என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். 1927 பிப்ரவரியில் தம் தொழிற்சாலைக் கூரையில் கொடிக்கம்பம் மாற்றும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தபோது, பிடித்திருந்த இரும்புத் தாங்கி கழன்று கீழே விழுந்து இறந்தார். இதையும் ஆவியின் பழி என்று சொல்வோர் உண்டு. கும்மிடிப்பூண்டி ஆலையில் ஒரு நாளேனும் உயரத்தில் நின்று வேலை செய்தவனுக்கு அந்தத் தாங்கியைப் பற்றித்தான் முதலில் கேட்கத் தோன்றும். அதைப் பற்றிப் பலகை முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை போலும்.

நாணயத்தை நகர்த்துவது யார் என்ற கேள்விக்கு விடை அப்பலகை பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1853-இல் இங்கிலாந்தில், பலர் சுற்றி அமர்ந்து கை வைத்தால் மேசை தானே சுழல்கிறது என்று பெரும் பரபரப்பு. மின்சார ஆராய்ச்சியில் ஈடற்றவரான மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்தார். கைக்கும் மேசைக்கும் இடையே, மெல்லிய பசையால் ஒட்டிய அட்டைகளை அடுக்கி வைத்தார். மேசை கையை இழுத்ததா, கை மேசையைத் தள்ளிற்றா என்பதை அட்டைகள் விலகிய திசை காட்டிவிடும். கையே முந்திச் சென்றிருந்தது. பின்னர், கை சற்றே அழுத்தினாலும் அசைந்து காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்முன் நிறுத்தினார். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்கும்வரை மேசை அசையவில்லை.

இதில் நாம் நின்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கு அமர்ந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஃபாரடே சொல்லவில்லை. அவர்கள் நேர்மையானவர்கள், தாம் தள்ளவில்லை என்று மெய்யாகவே நம்பியவர்கள். எதிர்பார்ப்பு மனத்தில் எழுந்தால் தசை அதை மனத்துக்குத் தெரிவிக்காமலே நிறைவேற்றிவிடுகிறது. கார்ப்பெண்டர் என்ற உடலியல் அறிஞர் இதற்கு முந்திய ஆண்டே இதை விளக்கியிருந்தார். இன்றும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்: விரல் வைத்தவர்களின் கண்களைக் கட்டிவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் தாளைத் திருப்பி வையுங்கள். எழுத்துகளை விரல்கள் பார்ப்பதில்லை. கண்கள்தாம் பார்த்துக்கொண்டிருந்தன என்பது விளங்கிவிடும். எல்லாம் அறிந்த ஆவிக்குக் கண்கட்டு ஒரு தடையாகலாமா?

திட்டமிட்ட மோசடியும் இத்துறையில் உண்டு. நம் சென்னையே அதற்கு ஒரு பெரிய வழக்கைக் கண்டிருக்கிறது. 1882-இல் அடையாறுக்கு வந்த பிரம்மஞான சபையின் மாளிகையில் ஓர் அலமாரி இருந்தது. கண்காணா மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. அங்கே பணிபுரிந்த எம்மா கூலோம் என்ற பெண்மணி, இவையெல்லாம் தம் உதவியோடு செய்யப்பட்டவை என்று கூறி, பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதியனவாகச் சில கடிதங்களைக் கொடுத்தார். அவற்றைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் 1884 செப்டம்பரில் வெளியிட்டது. இலண்டனிலிருந்து ஆராய வந்த ரிச்சர்டு ஹாட்சன் மோசடியே என்று 1885-இல் அறிக்கை தந்தார். அவர் ஆராய்ந்த முறை நேரியதன்று என்று நூறாண்டு கழித்து 1986-இல் இன்னோர் ஆய்வாளர் வாதிட்டதும் உண்டு. அந்த வழக்கின் தீர்ப்பை இங்கே நாம் எழுத வேண்டியதில்லை. ஒன்று மட்டும் தெளிவு: அங்கே குற்றம் சாட்ட ஓர் ஆள் இருந்தார், அலமாரியின் பலகையைப் பெயர்த்துப் பார்க்க முடிந்தது. வாடகை அறையில் நான்கு நண்பர்கள் விரல் வைத்திருக்கும் இடத்தில் பெயர்த்துப் பார்க்க எதுவும் இல்லை. நால்வரும் நேர்மையாக ‘நான் தள்ளவில்லை’ என்கிறார்கள். நமக்கு அடையாற்று அலமாரியைவிட இந்த நாணயமே அஞ்சத் தக்கதாகத் தோன்றுகிறது. மோசடிக்காரனுக்காவது தான் பொய் சொல்வது தெரியும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஆலை விபத்தில் மூத்த மகன் மவ்த்தாகிவிட்டான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்தது. அவன் யாருக்கோ ஒரு தொகை கைமாற்றாகக் கொடுத்திருந்தான் என்பது மட்டும் வீட்டுக்குத் தெரியும், யாரென்று தெரியாது. ஒரு நாள் இரவு தம்பி, அண்ணனின் அறைத்தோழர்களோடு உட்கார்ந்து நாணயத்தில் விரல் வைக்கிறான். ‘அண்ணே, பணம் யாரிடம்?’ என்கிறான். நாணயம் ஓர் எழுத்தின் மேல் போய் நிற்கிறது. அந்த எழுத்தில் தொடங்கும் பெயருடையவன் அந்த அறையிலேயே இருக்கிறான். தம்பிக்கு அவன்மேல் முன்பே ஓர் ஐயம் இருந்தது. அந்த ஐயம் அவன் விரலில் இருந்தது. விரல் நாணயத்தில் இருந்தது. இப்பொழுதோ அது அவனுடைய ஐயம் அன்று, அண்ணனின் வாக்குமூலம். மறுநாளிலிருந்து அந்த அறையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஊருக்குப் போன செய்தியைக் கேட்டு உம்மா, ஜனாஸாவைத் தூக்கி வந்த அந்தப் பிள்ளையைச் சபிக்கிறாள்.

பொய்ச் சாட்சி சொல்வதைப் பெரும்பாவங்களில் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இந்த வீட்டில் பொய்ச் சாட்சி சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் சொன்னவன் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் யாரைக் குறுக்கு விசாரணை செய்வான்? மண்ணில் அடங்கியவனின் வாயில், அவன் சொல்லாத சொல்லை வைத்துவிட்டார்கள். உயிரோடிருப்பவன் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று எழுந்து வந்து மறுப்பான். இறந்தவன் மறுக்க முடியாது. அவன் நாவு நம்மிடம் விடப்பட்ட அமானிதம் அன்றோ?

இதைக் கேட்டதும், ‘அண்ணனின் ரூஹு வராவிட்டாலும் ஜின் வந்து சொல்லியிருக்கலாமே, ஜின் உண்டென்று நம்புகிறவர்கள்தாமே நாம்?’ என்பார் உண்டு. இது நம் வீடுகளில் மட்டும் எழும் வாதம். அயலார் எழுதும் பகுத்தறிவுக் கட்டுரைகளில் இதற்கு மறுமொழி இராது. திருக்குர்ஆனின் ‘ஸபா’ அத்தியாயத்தில் வரும் ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அவர்களின் ஆணைக்கு அஞ்சி ஜின்கள் கடும் வேலை செய்துகொண்டிருந்தன. கைத்தடியில் சாய்ந்த நிலையில் அவர்கள் உயிர் பிரிந்தது, ஜின்களுக்குத் தெரியவில்லை. கறையான் தடியை அரித்து உடல் சாய்ந்த பின்னரே அறிந்தன. மறைவானதை அறியும் ஆற்றல் தமக்கு இருந்திருந்தால் அந்த இழிவான வேலையில் நீடித்திருக்க மாட்டோம் என்பது அவற்றுக்கு அப்போதுதான் விளங்கிற்று. கண்ணெதிரே நிற்பவர் இறந்துவிட்டார் என்பதையே அறியாத ஜின், கும்மிடிப்பூண்டியில் ஒருவன் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தான் என்பதை அறியுமா? குறிகாரனுக்கு ஷைத்தான் கொண்டு தரும் ஒரு மெய்யோடு நூறு பொய் கலக்கப்படுகிறது என்பதும் ஹதீஸ்தான். ஆக, நகர்த்துவது விரலானாலும் ஜின்னானாலும், வருவது அண்ணனின் சொல் அன்று.

இன்னொரு வாதம் இதைவிட நுட்பமானது. செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. தள்ள வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவன் தள்ளியதற்கு எப்படிக் குற்றவாளியாவான்? உறக்கத்தில் புரண்டு விளக்கைத் தட்டிவிட்டவனைப் போன்றவன்தானே? நாம் அப்படிக் கருதவில்லை. உறங்குபவன் விளக்கைத் தட்டுவதற்காகப் படுக்கவில்லை. இவனோ, தன் கையின் மேல் தனக்குள்ள ஆட்சியை விட்டுக்கொடுப்பதற்காகவே உட்கார்ந்தான். வருவது எதுவானாலும் அதை உண்மையென்று ஏற்க முன்கூட்டியே ஒப்பினான். நகர்வில் நிய்யத் இல்லை; உட்கார்ந்ததில் இருக்கிறது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதே, செவியும் கண்ணும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிக்கும்போது, ‘நான் நகர்த்தவில்லை, அது நகர்ந்தது’ என்ற விடை அங்கே செல்லுபடியாகுமா? கவர்ச்சியின் வேரும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். அச்சம் இன்பம் தருகிறது என்பது மேற்பரப்பு. நாம் சொல்ல அஞ்சுவதைச் சொல்லிவிட்டு, சொன்னவன் நானல்லன் என்று இருக்க முடிகிறதே, அந்த விடுதலைதான் மனிதனை மறுபடி மறுபடி அந்தத் தாளுக்கு இழுக்கிறது.

ஆனால் எல்லோரும் பழி சுமத்துவதற்காக உட்காருவதில்லை. மகனை இழந்த தாய், ஒரே ஒரு முறை ‘நலமாக இருக்கிறேன்’ என்ற சொல் கேட்க ஏங்கினால்? முதலில் நாம் குறிப்பிட்ட பசி இதுதான். கம்பியில்லாத் தந்தித் துறையில் முன்னோடியாக விளங்கிய இயற்பியல் அறிஞர் ஆலிவர் லாட்ஜ், 1915-இல் உலகப் போரில் மகன் ரேமண்டை இழந்தார். ஆவிபேசுவோரிடம் சென்று, மகனோடு பேசியதாக மறு ஆண்டு ஒரு நூலே எழுதினார். பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகளில் அந்நூல் படிக்கப்பட்டது. அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கும் ஒரு மகன் மறைந்தார். குழந்தை இப்ராஹீம் மரித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தில் இருக்கும் தந்தைக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்? அதுவும் அவர்களாகச் சொன்னதன்று, மக்களே சொன்னது. வாளாவிருந்திருந்தாலே போதும். ஆனால் அவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று அறிவித்தார்கள். கண்ணீர் விட்டு அழுதார்கள், அதை மறைக்கவில்லை. பொய்யான ஆறுதலை மட்டும் ஏற்கவில்லை.

படித்த நேயர் ஒருவர் இங்கே ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களை நினைவூட்டக் கூடும். யமாமாப் போரில் ஷஹீதான அவர்கள் ஒருவரின் கனவில் தோன்றி, தம் கவசத்தை எடுத்துச் சென்றவர் இருக்கும் இடத்தையும், அதன்மேல் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதையும், தம் கடன்களையும் கூறினார்கள்; கவசம் அவ்வாறே கிடைத்தது; கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அந்த வஸிய்யத்தை நிறைவேற்றினார்கள் என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். அக்கனவை யாரும் அழைக்கவில்லை. சொன்னது மெய்யா என்று முதலில் ஆளனுப்பிப் பார்த்தார்கள். கவசம் கையில் கிடைத்த பிறகே மற்றது. இவ்வாறு மவ்த்துக்குப் பின் செய்யப்பட்ட வஸிய்யத் வேறு எதுவும் நிறைவேற்றப்பட்டதாகத் தாங்கள் அறியவில்லை என்றும் அவர்களே சேர்த்து எழுதினார்கள். அழைத்து வரவழைப்பதற்கு இதில் ஆதாரம் தேடுவது வீண்.

வெளிநாட்டுப் பலகையை மட்டும் குறை கூறிவிட்டு எழுந்துவிட்டால் நாம் நேர்மையாக நடந்தவர்கள் ஆக மாட்டோம். நம் வீடுகளில் பொருள் களவு போனால் சிறு பிள்ளையை உட்காரவைத்து மை போட்டுப் பார்க்கவில்லையா? தக்காணத்து முஸ்லிம்களின் வழக்கங்களைப் பற்றி ஜஅபர் ஷரீஃப் எழுதி, 1832-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’ நூலிலேயே இந்த மை இடம்பெற்றிருக்கிறது. பளபளக்கும் கருமையை உற்றுப் பார்க்கும் குழந்தை, சுற்றி நிற்கும் பெரியவர்கள் யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்பதைக் குரலிலிருந்தே அறிந்துகொள்ளும். மையில் தெரிவது பெரும்பாலும் வீட்டில் வேலை செய்யும் ஏழையின் முகம். குறிகாரனிடம் சென்று கேட்டவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படுவதில்லை என்ற ஹதீஸை அறிந்த வீடுகளில்தான் இதுவும் நடந்தது. இந்த மையும் அந்த நாணயமும் உடன்பிறந்தவை.

இவ்விளையாட்டுக்குப் பிறகு உறக்கம் கெட்டு, குரல் கேட்கிறது என்று நடுங்கும் பிள்ளை வீட்டுக்கு வந்தால், பேய் பிடித்தது என்று கட்டி வைப்பது இன்னொரு கேடு. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாதவர்கள் அவர்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எவ்வகையிலும் தடை செய்திருக்கிறது. ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதுங்கள்; அத்துடன் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே.

அந்த வீட்டின் கேள்வி இன்னும் நிற்கிறது: பணம் யாரிடம்? திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று மத்ரஸாப் பிள்ளையைக் கேட்டால் ‘பகரா’ அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் என்று சொல்லும். அது கடனைப் பற்றியது. கடன் கொடுத்தால் தவணை குறித்து எழுதிக்கொள்ளுங்கள், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையாதீர்கள், சாட்சிகளை வையுங்கள் என்று அவ்வளவு விரிவாகச் சொல்கிறது. ஊரை விட்டு வந்து ஆபத்தான வேலை செய்யும் இளைஞர்களுக்கு இதைவிட வேண்டிய பாடம் இல்லை. கொடுத்தது இவ்வளவு, வாங்கியது இவ்வளவு, யாரிடம், எந்நாள் என்று ஒரு தாளில் எழுதி, அறைத்தோழர் இருவர் கையொப்பத்தோடு பெட்டியில் வைக்கட்டும். வருங்கால வைப்பு நிதிப் படிவத்தில் நியமனதாரர் பெயர் நிரப்பப்பட்டிருக்கிறதா, ஈ.எஸ்.ஐ. ஆவணத்தில் பெற்றோர், மனைவி, மக்கள் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று அடுத்த முறை மகன் ஊருக்கு வரும்போது வாப்பா கேட்டறியட்டும். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையானால் இதை இரண்டு முறை கேட்க வேண்டும்.